இத்தாலியை ‘கவர்’ பண்ணாதீங்க!

நாலு நாள். அஞ்சு ஊர். ரெண்டு ராத்திரி பஸ்லயே தூக்கம். போன் முழுக்க போட்டோ.

2024 மே மாசம் நான் போன இத்தாலி டூர் இதுதான். நம்ம காலேஜ்ல ட்ரிபிள் ஈ முடிச்சுட்டு, எம்.எஸ். படிக்க ஜெர்மனி வந்த முதல் வருஷம். மியூனிக்ல இருந்து நாலு பேர் கிளம்பினோம். மிலான், கோமோ ஏரி, பீசா, ஃப்ளாரன்ஸ், வெனிஸ். திரும்பி வந்ததும் அம்மா போன்ல, “இத்தாலி எப்படிடா இருந்துச்சு?”ன்னு கேட்டாங்க. “சூப்பர்மா”ன்னு சொன்னேன். அதுக்கு மேல சொல்ல ஒரு வார்த்தை வரல.

இதைப் படிக்கிற உங்கள்ல சில பேர் இன்னும் ரெண்டு மூணு வருஷத்துல இதே மாதிரி விசாவோட, இதே மாதிரி பஸ்ல ஏறப் போறீங்க. அதனால முன்கூட்டியே சொல்றேன். இத்தாலியை ‘கவர்’ பண்ணாதீங்க. செமஸ்டருக்கு முந்தின நாள் ராத்திரி அஞ்சு யூனிட்டையும் கவர் பண்ணுவோமே, அப்படித்தான் நான் ஊர் பார்த்தேன். பாஸ் ஆயிடலாம். தலையில ஒண்ணும் நிக்காது.

கோமோ கதையைக் கேளுங்க. ஏரிக்கரையில எங்களுக்குக் கிடைச்சது மூணு மணி நேரம். ஐஸ்கிரீம் சாப்பிட்டோம், மலையைப் பின்னாடி வச்சு போட்டோ எடுத்தோம். கரையோரமா தூண்கள் வச்ச ஒரு வெளிர் நிறக் கட்டடம் அழகா இருந்துச்சு. அதுக்கு முன்னாடியும் நின்னு ஒண்ணு எடுத்துக்கிட்டோம். அது என்னன்னு ராத்திரி பஸ்ல தேடினப்பதான் தெரிஞ்சுது: அலெசாண்ட்ரோ வோல்டாவுக்காகக் கட்டின மியூசியம். 1745-ல அவர் பொறந்தது அதே கோமோவுலதான். ரெண்டு வகை உலோகத் தகடுகளை மாத்தி மாத்தி அடுக்கி, நடுவுல உப்புத் தண்ணியில நனைச்ச அட்டையை வச்சு, தொடர்ந்து மின்சாரம் தர்ற முதல் பேட்டரியை 1800-ல உலகத்துக்குச் சொன்ன மனுஷன். நாலு வருஷம் லேப் ரெக்கார்டுல வோல்ட், வோல்ட்னு எழுதினவன், அவர் வாசல்ல நின்னு போஸ் குடுத்துட்டுத் திரும்பி வந்திருக்கேன். இதை விடப் பெரிய அரியர் இருக்கா?

ஃப்ளாரன்ஸ்லயும் அதே கதைதான். கதீட்ரல் மேல இருக்கிற குவிமாடத்தை புருனெல்லஸ்கி 1420-ல ஆரம்பிச்சு 1436-ல முடிச்சார். தரையில இருந்து மரத்தால முட்டுக் குடுக்காமலே, செங்கல்லை மீன்முள் மாதிரி சாய்ச்சு அடுக்கி, ஒவ்வொரு சுற்றும் தன்னைத்தானே தாங்குற மாதிரி எழுப்பியிருக்கார். 463 படி ஏறினா ரெண்டு ஓட்டுக்கும் நடுவுல நடந்து அந்த வேலையைக் கிட்டவே பார்க்கலாம். சிவில் பசங்களுக்கு அது கோயில் மாதிரி. நாங்க கீழே நின்னு இருபது நிமிஷம் பார்த்தோம். பஸ்ஸுக்கு நேரம் ஆயிடுச்சு.

நஷ்டம் எனக்கு மட்டும்தான்னா இந்தக் கட்டுரையே எழுதியிருக்க மாட்டேன். வெனிஸ்ல நஷ்டம் வேற ஆளுக்கு.

சேத்துல இறக்கின மரக்கட்டைகள் மேல நிக்கிற ஊர் அது. அங்கே காத்து படாததால கட்டைகள் நூற்றாண்டுகளாத் தாங்கி நிக்குது. கடல் பொங்கினா தடுக்க 78 இரும்புக் கதவுகள் கடலடியில படுத்திருக்கு. உள்ள காத்தை அடைச்சா தண்ணி வெளியேறி, கதவு மேல எழும்பும். மோஸேன்னு பேர். 2020 அக்டோபர்ல முதல் தடவையா ஊரைக் காப்பாத்துச்சு. தண்ணியைத் தடுக்க இஞ்சினியருக்குத் தெரிஞ்சிருக்கு. நம்மளைத் தடுக்கத்தான் யாருக்கும் தெரியல.

1950-கள்ல வெனிஸின் பழைய நகரத்துல ஒன்றே முக்கால் லட்சம் பேர் வாழ்ந்தாங்க. இப்போ ஐம்பதாயிரத்துக்கும் கீழே. வீடுகள் டூரிஸ்டுக்கான வாடகை அறையா மாறுது, மளிகைக் கடை முகமூடிக் கடையா மாறுது, ஜனங்க ஊரை விட்டுக் கிளம்புறாங்க. 2024-ல கூட்டம் அதிகமான நாட்கள்ல, தங்காம வந்து போறவங்க கிட்ட நகராட்சி 5 யூரோ வாங்குச்சு. நானும் கட்டினேன். போன்ல க்யூஆர் கோடு வந்துச்சு, அவ்வளவுதான். கையில கொண்டு போன பிரெட்டைச் சாப்பிட்டு, பாலத்துல வழியை அடைச்சு நின்னு, ஒரு ஃப்ரிட்ஜ் மேக்னட் வாங்கிட்டு சாயங்காலம் கிளம்பிட்டோம். அந்த ஊருக்கு எங்களால கிடைச்ச நன்மை என்னன்னு யோசிச்சா, பதில் இல்ல.

“அண்ணே, ஸ்டூடண்ட் காசு. மறுபடி எப்போ வருவோமோ, ஒரேயடியா பார்த்துடணும்”னு நீங்க சொல்றது கேக்குது. நானும் அதையேதான் சொன்னேன். ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. அஞ்சு ஊர்னா அஞ்சு டிக்கெட். காசுல பெரும்பங்கு ஓடுறதுக்கே போகுது.

அடுத்த வருஷம் அக்டோபர்ல தனியா ஒரே ஊருக்குப் போனேன். பியட்மான்ட்ல ஆல்பா. மூணு ராத்திரி. சுத்திலும் திராட்சை மலைகள். 2014-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்த நிலம். நான் குடிக்கிறவன் இல்ல, உங்களைக் குடிக்கவும் சொல்லல. நடக்கத்தான் போனேன். நெபியோலோங்கிற திராட்சை அங்கே தாமதமாத்தான் பழுக்கும். அதுல செய்யற பரோலோ வைன் குறைஞ்சது 38 மாசம் காத்திருக்கணும், அதுல 18 மாசம் மரப் பீப்பாய்ல. விதியே அப்படி. 1986-ல இத்தாலியில சிலர் லாபத்துக்காக வைன்ல மெத்தனால் கலந்து இருபதுக்கும் மேற்பட்டவங்க செத்தாங்க. மெத்தனால்னா என்னன்னு நம்ம ஊருக்கும் தெரியும். அவசரக் காசு என்ன செய்யும்னு அந்த மலைக்காரங்களுக்கு மறக்கல.

காலையில பனிமூட்டம் விலகுறதைத் தங்கின வீட்டு வாசல்ல உக்காந்து பார்த்தேன். மூணாவது நாள் பேக்கரி அம்மா நான் கேக்காமலே என் ரொட்டியை எடுத்து வச்சாங்க. அம்மா போன் பண்ணினப்போ அரை மணி நேரம் பேசினேன்.

அதனால உங்க கிட்ட கேக்கிறது இவ்வளவுதான். ஒரு ஏரி, இல்ல ஒரு மலை, இல்ல ஒரு நகரம். ஒண்ணை மட்டும் எடுங்க, மூணு ராத்திரி தங்குங்க. வெனிஸ்னா, யாரோ குடியிருந்திருக்க வேண்டிய ஃப்ளாட் வேண்டாம், ஹாஸ்டல்ல தங்குங்க. போறதுக்கு முன்னாடி அந்த ஊர்ல பொறந்த ஒரு ஆளையோ, கட்டின ஒரு கட்டடத்தையோ பத்தி ஒழுங்கா படிச்சுட்டுப் போங்க.

எனக்கு கோமோ அரியர் இன்னும் பாக்கி. வர்ற ஏப்ரல்ல க்ளியர் பண்ணப் போறேன். ஊர் ஒண்ணே ஒண்ணுதான்.