யானை இருந்தாலும் ஆயிரம் பொன்!

"யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்" என்பார்கள். சுவிட்சர்லாந்து நாட்டின் இரும்பு யானைகளுக்கும் இது பொருந்தும்.

அந்த யானைகள் ரெயில் என்ஜின்கள்! 1913-ம் ஆண்டு முதல் 1917-ம் ஆண்டு வரை, வின்டர்தூர் நகரத் தொழிற்சாலையில் 30 என்ஜின்கள் செய்யப்பட்டன. கரி, தண்ணீர் வண்டியோடு சேர்த்து ஒவ்வொன்றின் எடை சுமார் 128 டன். அதனால்தான் "யானை" என்று பெயர் வந்தது.

ஆல்ப்ஸ் மலையில் கோத்தார்டு ரெயில் பாதை இருக்கிறது. ஆயிரம் அடி போனால், சுமார் 26 அடி ஏற வேண்டும். அந்த ஏற்றத்தில் சரக்கு ரெயிலை இழுப்பதுதான் யானைகளின் வேலை.

30-ல் 28 யானைகள் சிக்கனமானவை. நீராவி முதலில் சிறிய உருளையில் வேலை செய்யும். பிறகு பெரிய உருளைக்குப் போய் மறுபடியும் வேலை செய்யும். அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டாமல் மாட்டுக்கு வைக்கிறார்களே, அதுபோல!

ஆனால் சிக்கனம் மட்டும் போதவில்லை. முதல் உலகப் போரில் கரிக்குத் தட்டுப்பாடு வந்தது. கரியை வெளிநாட்டில் இருந்து வாங்கிய நாடு தவித்தது. மலையில் தண்ணீருக்கோ பஞ்சம் இல்லை. அதில் மின்சாரம் எடுத்தார்கள். 1920-ம் ஆண்டு கோத்தார்டு சுரங்கத்துக்குள் மின்சார ரெயில் ஓடியது. யானைகள் வேறு பாதைகளுக்குப் போயின.

இது சரியான முடிவே. புகையை விட மின்சாரம் நல்லது. பெரும்பாலான யானைகள் பின்னர் உடைக்கப்பட்டன. ஆனாலும் சிலவற்றைக் காப்பாற்றி வைத்தார்கள். 1917-ல் பிறந்த கடைசி யானையும் அவற்றில் ஒன்று.

"பழைய இரும்புக்கு ஏன் வீண் செலவு?" என்று சிலர் கேட்கலாம். பதில் நம் ஊட்டி மலையில் இருக்கிறது!

ஊட்டி ரெயிலுக்கும் 1914-ம் ஆண்டு முதல் என்ஜின்கள் வந்தது அதே வின்டர்தூர் தொழிற்சாலையில் இருந்துதான். அவற்றை உடைத்துப் போடாமல், பழுது பார்த்துப் பழுது பார்த்து ஓட்டினோம். அந்தக் கைத்தொழில் வீண் போகவில்லை. 2011-ம் ஆண்டு முதல், திருச்சி பொன்மலை தொழிற்சாலையிலேயே மலை ரெயிலுக்குப் புதிய நீராவி என்ஜின்கள் பிறந்தன!

பழையதிலேயே கிடப்பது தவறு. பழையதை அடியோடு அழிப்பதும் தவறு. புதியது வரட்டும், வரவேற்போம். பழையதில் ஒன்றையாவது பத்திரமாக வைப்போம். பொருள் இருந்தால் தொழில் மறக்காது. தொழில் மறந்து போனால், ஆயிரம் பொன் கொடுத்தாலும் திரும்ப வராது!