வெற்றுத் தாளில் கையெழுத்து

வேலை ஒப்பந்தங்களில் எல்லோரும் வேகமாகக் கடந்துபோகும் வரி ஒன்று உண்டு. ‘செயல்பாட்டுத் தேவைக்கேற்பப் பணி நேரத்தையும் ஷிப்டையும் பணியிடத்தையும் நிர்வாகம் மாற்றிக்கொள்ளலாம்’ என்று அது இருக்கும். சம்பளம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று விரல் வைத்துப் படிப்பவர்கள்கூட இந்த வரியில் நிற்பதில்லை. அதன் விலை என்ன என்பதை 2025 டிசம்பர் முதல் வாரத்தில் நாடெங்கும் விமான நிலையங்களில் பெட்டியோடு தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் தெரிந்துகொண்டார்கள்.

உள்நாட்டு விமானப் பயணிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரை ஏற்றிச் செல்வது இண்டிகோ. அப்போது நாளொன்றுக்கு 2,200-க்கும் மேற்பட்ட விமானங்களை இயக்கிவந்த அந்த நிறுவனம், டிசம்பர் 5 அன்று மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. மற்ற நிறுவனங்களின் டிக்கெட் விலை தாறுமாறாக ஏறியது. மறுநாள் மத்திய அரசு தலையிட்டு, 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,500 கிலோமீட்டருக்கு மேல் 18,000 ரூபாய் என்று கட்டணத்துக்கு உச்சவரம்பு விதிக்க வேண்டியதாயிற்று. புயல் இல்லை, போர் இல்லை, எரிபொருள் தட்டுப்பாடும் இல்லை. விமானிகள் தூங்க வேண்டிய நேரத்தைக் கொஞ்சம் கூட்டும் விதி நடைமுறைக்கு வந்ததுதான் காரணம்.

அந்த விதியும் திடீரென்று வானத்திலிருந்து குதித்ததல்ல. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அதை அறிவித்தது 2024 ஜனவரியில். வாராந்தர ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமானது. இரவு என்பது அதிகாலை 5 மணியோடு முடியாமல் 6 மணி வரை நீண்டது. இரவுப் பணியில் ஒரு விமானி ஆறு முறை தரையிறக்கலாம் என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. 2024 ஜூன் முதல் தேதி அமலாக வேண்டியதை விமான நிறுவனங்கள் எதிர்த்தன, அது தள்ளிப்போடப்பட்டது. விமானிகள் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போன பிறகே 2025 ஜூலையில் ஒரு பகுதியும் நவம்பர் முதல் தேதி மீதியும் அமலுக்கு வந்தன. அறிவிப்புக்கும் முழு அமலுக்கும் இடையே ஏறக்குறைய 22 மாதங்கள். ஆள் எடுக்கவும், பயிற்சி கொடுக்கவும், ரோஸ்டரைத் திருத்தவும் அவகாசம் இருந்தது. திட்டமிடலில் குறை இருந்ததையும் கணிப்பு தவறியதையும் நிறுவனமே பிறகு ஒப்புக்கொண்டது.

இதில் நமக்கு அதிக வருத்தம் தருவது நிறுவனத்தின் குளறுபடி அல்ல, அதற்கு ஒழுங்காற்று அமைப்பு கண்டுபிடித்த மருந்து. டிசம்பர் 5 அன்றே இயக்குநரகம் இரண்டு காரியம் செய்தது. இரவுப் பணி வரம்புகளிலிருந்து அந்த ஒரு நிறுவனத்துக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு கொடுத்தது. கூடவே, வாராந்தர ஓய்வுக்குப் பதிலாக விடுப்பைக் கணக்கில் காட்டக் கூடாது என்ற வரியை எல்லா நிறுவனங்களுக்குமாகத் திரும்பப் பெற்றது. பார்வைக்குச் சின்ன வரிதான். தங்கை கல்யாணத்துக்கு ஒரு விமானி இரண்டு நாள் விடுப்பு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மண்டபத்தில் ஓடியாடிவிட்டு அவர் திரும்பும்போது, அந்த வாரத்து ஓய்வும் அதிலேயே கழிந்துவிட்டது என்று கணக்கு எழுதலாமா, கூடாதா? கூடாது என்றது விதி. ஒரே நாளில் ‘எழுதலாம்’ என்றாகிவிட்டது. ஜனவரியில் நிறுவனத்துக்கு 22.20 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது உண்மை. அபராதத்தை நிறுவனம் ஒருமுறை கட்டும். ஓய்வுக் கணக்கை விமானியின் உடல் வாராவாரம் கட்ட வேண்டும்.

நெகிழ்வே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. விமானத் தொழில் அதில்லாமல் ஒரு நாள்கூட ஓடாது. 2015 டிசம்பர் முதல் தேதி இரவு சென்னை விமான நிலையத்து ஓடுபாதையில் வெள்ளம் புகுந்து பல நாள் மூடிக் கிடந்தது. 2023-இல் மிக்ஜாம் புயலின்போதும் ஓடுபாதையில் தண்ணீர் நின்றது. அப்படிப்பட்ட நாளில் பெங்களூருக்குத் திருப்பிவிடப்பட்ட விமானத்தின் கேப்டன், ‘என் டூட்டி நேரம் முடிந்துவிட்டது’ என்று பயணிகளை நடுவழியில் விட்டுப் போக முடியாது. அதற்கு விதியிலேயே இடம் இருக்கிறது. எதிர்பாராத சூழலில், கேப்டன் தன் குழுவினரைக் கலந்து பேசி, பணி நேரத்தைக் குறிப்பிட்ட அளவுக்கு நீட்டித்துக்கொள்ளலாம். அது பதிவாகி இயக்குநரகத்துக்குப் போக வேண்டும். இந்த ஏற்பாட்டில் நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர், களைப்பைத் தன் உடம்பில் சுமப்பவர். அலுவலகத்தில் ரோஸ்டர் போடுபவர் அல்ல. நெகிழ்வு விதி எப்படி எழுதப்பட வேண்டும் என்பதற்கு வேறெங்கும் உதாரணம் தேட வேண்டியதில்லை.

களைப்பு என்பது சங்கத் தலைவர்கள் மேடையில் பேசும் சொல் மட்டும்தான் என்று நினைப்பவர்கள் மங்களூரு விபத்து அறிக்கையைப் படிக்கட்டும். 2010 மே 22, துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மலைமேட்டு ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தார்கள். எட்டுப் பேர் பிழைத்தார்கள். விமானி அறை ஒலிப்பதிவில் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான நேரம் இருவருக்கும் இடையே பேச்சே இல்லை. கேட்டது குறட்டைச் சத்தம். விழித்தெழுந்த கேப்டனுக்குத் தூக்கக் கலக்கம் தெளியவில்லை என்றது விசாரணை. தரையிறங்காமல் மேலே எழுப்பச் சொல்லித் துணை விமானி மூன்று முறை எச்சரித்தும் அவர் கேட்கவில்லை. அந்தக் கேப்டன் விடுப்பு முடிந்து வந்தவர். ஆகவே, இதை ரோஸ்டர் தலையில் கட்டிவிடுவது நேர்மையாகாது. ஆனால், விடுப்பு முடித்து வந்தவருக்கே விடியற்காலையில் உடல் அப்படிச் சொக்கும் என்றால், நான்கு நாளாக இரவும் பகலும் மாறி மாறி ஓட்டுபவருக்கு என்ன ஆகும்? விபத்து நடந்த நேரம் காலை 6.05. இரவின் எல்லை ஐந்து மணியா, ஆறு மணியா என்ற சண்டை காகிதச் சண்டை அல்ல.

நெகிழ்வுக்கு இன்னொரு முகம் காத்திருப்பு. நிறுவனத்துக்கு ஆள் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். ஆனால், தயாராக நிற்கும் நேரத்துக்குக் காசு கொடுக்க மனம் வராது. 2025 ஆகஸ்டில் ஏர் கனடா நிறுவனத்தின் பத்தாயிரத்துச் சொச்சம் விமானப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தது இதற்காகவும்தான். பயணிகளை ஏற்றுவது, இறக்குவது, தாமதமான விமானத்தில் அவர்களைச் சமாளிப்பது என்று விமானம் தரையில் நிற்கும்போது பார்த்த வேலைக்கு அப்போது பெரும்பாலும் சம்பளம் இல்லை. தொடங்கி ஒரு நாள்கூட ஆவதற்குள் கனடா அரசு தொழிலாளர் சட்டத்தின் 107-ஆம் பிரிவைக் காட்டி வேலைக்குத் திரும்பச் சொன்னது. சங்கம் மறுத்துவிட்டது. நான்காம் நாள் ஏற்பட்ட உடன்பாட்டில் தரை நேரத்துக்கும் ஊதியம் என்பது இடம்பெற்றது. அதுவரை இழுபறியாக இருந்தது, விமானங்கள் நின்றதும் முடிந்தது.

இது விமானத்தில் பறப்பவர்களின் பிரச்சினை, நமக்கென்ன என்று ஶ்ரீபெரும்புதூரிலும் திருப்பூரிலும் இருப்பவர்கள் ஒதுங்க முடியாது. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டப்பேரவையில் தொழிற்சாலைகள் திருத்த மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியதை மறந்திருக்க மாட்டோம். ஒரு நாளுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிசெய்யும் அந்த மசோதாவுக்குச் சொல்லப்பட்ட நியாயமும் இதே ‘நெகிழ்வு’தான். கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. மூன்றே நாளில் நிறுத்திவைத்து, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். வாசல் வழியாகப் போனது ஜன்னல் வழியாக வரலாம் என்பதால் இதை நினைவுபடுத்துகிறோம்.

ஜன்னல் இப்போது திறந்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலில் உள்ளன. பழைய தொழில் தகராறு சட்டத்தின் 9-ஏ பிரிவின்படி, வேலை நேரம், ஷிப்ட் போன்ற பணி நிலைமைகளை மாற்ற 21 நாள் முன்னறிவிப்பு தேவைப்பட்டது. புதிய தொழிலுறவுத் தொகுப்பிலும் முன்னறிவிப்பு உண்டு. ஆனால், ‘அவசர நிலைமை’ என்றால் குறை தீர்ப்புக் குழுவைக் கலந்தாலோசித்து, முன்னறிவிப்பு இல்லாமலே ஷிப்டை மாற்றலாம் என்ற விலக்கும் சேர்ந்திருக்கிறது. எது அவசரம்? ஏற்றுமதி ஆர்டர் ஒரு வாரம் முன்னதாகக் கேட்கப்படுவதா? இரண்டு ஆபரேட்டர்கள் வேலையை விட்டுப் போய், நான்கு மாதமாக ஆள் எடுக்காமல் இருப்பதா? குழு சம்மதிக்க வேண்டும் என்றுகூட இல்லை, கலந்தாலோசித்தால் போதும். வேறு மாநிலத்திலிருந்து வந்து விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பெண்ணுக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் வரும் ‘நாளை முதல் ஷிப்ட்’ என்ற செய்தியை எந்தக் குழு தடுக்கப் போகிறது?

சங்கங்களும் இதில் குற்றமற்றவை அல்ல. ஊதிய ஒப்பந்தப் பேச்சுவார்த்தை என்றால் மாதத்துக்கு எத்தனை ஆயிரம் கூடும், போனஸ் எத்தனை சதவீதம் என்பதிலேயே ஆறு மாதம் போய்விடும். கடைசி நாள் இரவு, களைத்துப்போன இரண்டு தரப்பும் உற்பத்தித்திறன், இடமாற்றம், ஷிப்ட் மாற்றம் பற்றிய பக்கங்களில் படிக்காமலே கையெழுத்துப் போடும். பிறகு மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு வாங்கிய சம்பள உயர்வை அந்தப் பக்கங்கள் தின்றுகொண்டிருக்கும்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2017-இல் ஒரு சட்டம் இயற்றியது. பெரிய கடைகளும் ஓட்டல்களும் உணவகங்களும் வேலை அட்டவணையை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். இப்போது அந்த அவகாசம் 14 நாள். அதற்குப் பிறகு மாற்றலாம், தடையில்லை. ஆனால், மாற்றினால் கூடுதல் ஊதியம். இயற்கைச் சீற்றம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. நெகிழ்வைத் தடுக்காமல் அதற்கு விலை வைத்தார்கள், அவ்வளவுதான். இலவசமாகக் கிடைப்பதைத்தான் யாரும் அளந்து செலவழிப்பதில்லை. விமானிகளை அதிகம் வைத்துக்கொள்வது செலவு, இருப்பவர்களின் ஓய்வில் கைவைப்பது இலவசம் என்றிருக்கும்வரை, எந்த நிர்வாகமும் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுக்கும். அதற்கு நிர்வாகிகள் கெட்டவர்களாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆகவே, இயக்குநரகம் விடுப்பையும் ஓய்வையும் பிரிக்கும் அந்த வரியை விதியில் மறுபடி நிலைநிறுத்த வேண்டும். இனி எந்த நிறுவனத்துக்கு விலக்கு கொடுத்தாலும், அதன் காரணத்தையும் முடியும் தேதியையும், விலக்கின் கீழ் எத்தனை விமானிகள் எத்தனை மணி நேரம் கூடுதலாகப் பறந்தார்கள் என்பதையும் வெளியிட வேண்டும். தமிழக அரசுக்குத் தொழிலுறவுத் தொகுப்பின் கீழ் தனக்கான விதிகளை வகுக்கும் அதிகாரம் இருக்கிறது. ‘அவசர நிலைமை’ என்பதில் வெள்ளம், தீ, மின்தடை, இயந்திரக் கோளாறு ஆகியவை அடங்கும் என்றும், ஆள் பற்றாக்குறையும் முன்பே தெரிந்த ஆர்டரும் அடங்கா என்றும் அந்த விதிகளில் எழுத வேண்டும். அடுத்த ஊதிய ஒப்பந்தத்துக்கு உட்காரும் சங்கங்கள் சம்பளப் பக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளட்டும். முதல் நாள் கூட்டத்திலேயே ஷிப்ட் மாற்றப் பக்கத்தை மேசையில் வைக்கட்டும்.