பாலாற்றின் அக்கா வெட்டிய பள்ளத்தாக்கு

ஆம்பூரில் தைக்கிற ஷூ எங்கெல்லாமோ நடக்கிறது. ஜெர்மனி, இத்தாலி, அமெரிக்கா... அரிசோனாவின் கிராண்ட் கேன்யன் பாதையில் இறங்குகிற கால்களில் ஒன்றிரண்டிலாவது பேரணாம்பட்டுத் தோலோ ஆம்பூர்த் தையலோ இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதைத் தைத்தவர்களில் எத்தனை பேர் ஒரு மலைப்பாதையில் சும்மா, வேலை எதுவும் இல்லாமல், நடந்து பார்ப்பதற்காகவே நடந்திருப்பார்கள்? கம்பெனி பஸ்ஸில் ஏறி, ஷிப்ட் முடிந்து, அதே பஸ்ஸில் இறங்குகிற பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது துணி துவைக்கிற நாள். அவ்வளவுதான்.

பையன்கள் கதை வேறு. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பைக் வைத்திருக்கிற கல்லூரிப் பையன்களின் "போகணும்டா" பட்டியலில் கொஞ்ச வருடங்களாகவே கண்டிகோட்டா இருக்கிறது. ஆந்திராவின் கடப்பா மாவட்டம், ஜம்மலமடுகு பக்கத்தில். சித்தூர், பீலேர், ராயசோட்டி, கடப்பா என்று ஆறேழு மணி நேரப் பயணம். "இந்தியாவின் கிராண்ட் கேன்யன்" என்று பேர். விடியற்காலையில் போய்ச் சேர்ந்து, பாறை விளிம்பில் காலைத் தொங்கப் போட்டு ஒரு போட்டோ, கையை விரித்து ஒரு போட்டோ, ஒரு பாக்கெட் சிப்ஸ், திரும்பி வந்தாச்சு. பாறை இடுக்கில் அந்தச் சிப்ஸ் பாக்கெட் மட்டும் அங்கேயே தங்கிவிடும்.

இது போய்ப் பார்த்த கணக்கில் சேருமா என்பதுதான் கேள்வி.

முதலில் அந்தப் பட்டப்பெயரை எடுத்துக்கொள்வோம். ஏற்காட்டையும் ஏலகிரியையும் "ஏழைகளின் ஊட்டி" என்று சொல்வது போலத்தான் இதுவும். அமெரிக்காவில் இருப்பது 446 கிலோமீட்டர் நீளம், ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். கண்டிகோட்டாவின் ஆழம் சில நூறு அடி. அது நிஜமான பாலைவனத்து ஓரம், இது மழை குறைந்த ராயலசீமா. ஒப்பிட்டால் இது சின்னதாகத்தான் தெரியும். ஒப்பிடாமல் பார்த்தால்தான் இதன் அருமை தெரியும். தெலுங்கில் "கண்டி" என்றால் மலையிடுக்கு, ஆறு அறுத்த பிளவு. "கோட்டா" என்றால் கோட்டை. பிளவின் மேலே ஒரு கோட்டை, பேரிலேயே எல்லாம் இருக்கிறது. இதற்கு அமெரிக்காவிலிருந்து எதற்குப் பேர் கடன் வாங்க வேண்டும்?

பாறையைப் பற்றியும் ஒரு சின்னத் திருத்தம். சுற்றுலா விளம்பரங்கள் பலவற்றில் "கிரானைட் பள்ளத்தாக்கு" என்று இருக்கும். வேலூர்க் கோட்டையைச் சுற்றியிருக்கும் குன்றுகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, அந்த உருண்டைப் பாறை வேறு, இது வேறு என்று பார்த்த உடனே தெரிந்துவிடும். கண்டிகோட்டாவில் பாறை செங்கல் அடுக்கியது போல அடுக்கடுக்காக நிற்கும். அது குவார்ட்சைட். பழைய கடலோரத்து மணல் படிந்து, இறுகி, கல்லான கல். புவியியல்காரர்கள் ஒரு பாறை அடுக்குக்கே "கண்டிகோட்டா குவார்ட்சைட்" என்று பேர் வைத்திருக்கிறார்கள். வயது நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல். அதைப் பெண்ணாறு அறுத்திருக்கிறது, தண்ணீரையும் மணலையும் மட்டும் வைத்துக்கொண்டு.

இந்த அடுக்கை மேலே நின்று பார்ப்பதும், ஊர்க்காரர் ஒருவரோடு பாறைகளுக்கு நடுவே இறங்கி, கையால் தொட்டுப் பார்ப்பதும் ஒன்றல்ல. மேலே நிற்கிறவருக்கு அது ஒரு படம். இறங்குகிறவருக்குத்தான் ஒவ்வொரு அடுக்கும் ஒரு காலம் என்று உறைக்கும். ஏறி வரும்போது மூச்சு வாங்கும். அந்த மூச்சில்தான் ஆழம் என்றால் என்னவென்று புரியும். கோட்டையும் அப்படியே. கார் நிறுத்துகிற இடத்திலிருந்து விளிம்புக்கு ஓடுகிறவர்கள் மாதவராய சுவாமி கோயிலையும், ஜும்மா மசூதியையும், பக்கத்துத் தானியக் களஞ்சியத்தையும் வழியில் இருக்கிற சுவர் என்றே நினைத்துத் தாண்டுகிறார்கள். விஜயநகர காலத்தில் பெம்மசானி நாயக்கர்கள் ஆண்ட இடம். 1652இல் தவேர்னியே என்ற பிரெஞ்சு நகை வியாபாரி, கோல்கொண்டாவின் மீர் ஜும்லாவைப் பார்க்க இங்கே வரை வந்தார். வியாபாரத்துக்காகத்தான் வந்தார், ஆனாலும் கோட்டையை நிதானமாகப் பார்த்து எழுதி வைத்துவிட்டுப் போனார். இன்றைக்கு வருகிறவர்களுக்கு ஒரு மணி நேரம் போதுமாக இருக்கிறது!

சரி, தோல் பட்டறை ஊர்க்காரர்கள் இந்தப் பள்ளத்தாக்குக்குக் கட்டாயம் போக வேண்டும் என்று சொல்ல ஒரு தனிக் காரணம் இருக்கிறது. அதைப் பெரும்பாலானவர்கள் கவனிப்பதில்லை.

பெண்ணாறு பிறப்பது கர்நாடகத்தில், நந்தி மலைத் தொடரில். பாலாறு பிறப்பதும் அதே நந்தி மலைப் பக்கம்தான். தென்பெண்ணையும் அங்கேதான். மூன்றும் ஒரே வீட்டுப் பெண்கள். ஒருத்தி வடக்கே போய், ராயலசீமாவைச் சுற்றி, கண்டிகோட்டாவில் மலையை அறுத்து, நெல்லூர் அருகே கடலில் சேர்கிறாள். இன்னொருத்தி 348 கிலோமீட்டர் ஓடி, அதில் 222 கிலோமீட்டரைத் தமிழ்நாட்டுக்குக் கொடுத்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை வழியாகப் போகிறாள். போகிறாள் என்பது பழைய வழக்கம். வருடத்தில் பாதிக்கு மேல் போவது மணல் லாரி, அல்லது கிரிக்கெட் பந்து. 2021 நவம்பரில் வெள்ளம் வந்தபோது ஊரே பாலத்தில் நின்று, செல்போனைத் தூக்கிப் பிடித்து, "இது நம்ம பாலாறா?" என்று பார்த்தது. அக்கா வெட்டிய பள்ளத்தைப் பார்க்க மாநிலம் தாண்டிப் போகிறவர்கள், வீட்டில் இருக்கிற தங்கையை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

பாலாற்றின் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்ல வேண்டும். வணிகவியல் பாடத்தில் வரவு செலவு எழுதச் சொல்லிக் கொடுப்பார்கள். தோலுக்குக் கொடுத்த விலை, குரோமியம் உப்பு, கரன்ட், கூலி எல்லாம் செலவுப் பக்கம் வரும். கழிவு போய்ச் சேர்ந்த ஆறும், உப்பான கிணறும், விளையாமல் போன வயலும் எந்தப் பக்கத்திலும் வராது. ஆறு இலவசம், அதனால் அதற்குக் கணக்கு இல்லை. அந்தக் கணக்கைக் கடைசியில் உச்ச நீதிமன்றம்தான் எழுதியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதை இந்தியச் சட்டத்தில் உட்கார வைத்தது. தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் "வேலூர்" என்றால் இந்த வழக்குதான். அப்புறம்? 2025 ஜனவரி 30 அன்று அதே உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டைக் கொடுங்கள், கொடுத்ததைத் தொழிற்சாலைகளிடம் வசூலியுங்கள் என்று மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. நடுவில் 28 வருடம்.

இதை எதற்கு ஒரு சுற்றுலா இடத்தைப் பற்றிப் பேசும்போது இழுக்க வேண்டும் என்று கேட்கலாம். இலவசம் என்று நினைத்த எதுவும் இலவசம் இல்லை என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் உதாரணம் கிடையாது, அதனால்தான். பள்ளத்தாக்கின் விளிம்பும் இப்போது அப்படித்தான் இலவசமாகக் கிடக்கிறது. யாரும் பொறுப்பில்லாத பாறை, கைப்பிடி இல்லாத விளிம்பு, குடிதண்ணீர் இல்லாத வெயில், எங்கே இறங்கலாம் எங்கே கூடாது என்று தெளிவாகச் சொல்லாத வழி. இதற்கான செலவைக் கால் தவறுகிறவர் கொடுப்பார், அல்லது குப்பை பொறுக்குகிற ஊர்க்காரர் கொடுப்பார்.

அமெரிக்கர்களிடம் கடன் வாங்க வேண்டியது பேரை அல்ல, இந்த விஷயத்தை. கிராண்ட் கேன்யன் 1919இல் தேசியப் பூங்கா ஆனது. கார் ஒன்றுக்கு 35 டாலர் நுழைவுக் கட்டணம், ஏழு நாள் செல்லும். முக்கியமானது கட்டணம் அல்ல. 2004இல் அவர்கள் போட்ட சட்டப்படி, அப்படி வசூலாகிற பணத்தில் குறைந்தது 80 சதவீதம் அந்தந்த இடத்திலேயே செலவாக வேண்டும். பாதைக்கு, கழிப்பறைக்கு, தண்ணீருக்கு. "ப்ரைட் ஏஞ்சல்" என்கிற பாதையில் இறங்கினால் ஒன்றரை மைலில் ஒரு நிழல், மூன்று மைலில் ஒரு நிழல், வெயில் காலத்தில் அங்கே குடிதண்ணீர். மேலிருந்து ஆறு வரை போய் அன்றைக்கே ஏறி வர முயலாதீர்கள், கோடையில் காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு வரை நடக்காதீர்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்கள். யூட்டாவில் இருக்கிற சீயோன் பூங்காவில் "ஏஞ்சல்ஸ் லேண்டிங்" என்று கத்தி முனை மாதிரி ஒரு பாறை உண்டு. கூட்டம் தாங்கவில்லை. 2022 ஏப்ரலிலிருந்து குலுக்கலில் பேர் வந்தால்தான் ஏற முடியும். சுதந்திர தேசத்தில் நடப்பதற்குக் குலுக்கலா என்று சிரிக்கலாம். ஆனால் பாறையும் மிஞ்சும், ஆளும் மிஞ்சுவார்.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பாடம் கசப்பாகத்தான் வந்தது. 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. காட்டுத்தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப் போனார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை அறிவித்து, உள்ளூர், பழங்குடி இளைஞர்களைப் பயிற்சி கொடுத்து வழிகாட்டியாக வைத்து, ஆன்லைனில் பதிவு செய்து நடக்கிற முறையைக் கொண்டுவந்தது. அதில் திருப்பத்தூர் மாவட்டத்து ஏலகிரி சுவாமிமலையும் உண்டு. ஆம்பூரிலிருந்து ஒரு பஸ் மாறினால் ஏலகிரி.

இதற்கு எதிர்ப்பேச்சும் உண்டு. மலையில் நடக்கக்கூடக் காசா, ஆடு மேய்க்கிறவரும் விறகு பொறுக்குகிறவரும் காலம் காலமாகக் காசு கொடுத்தா நடந்தார்கள் என்று. நியாயமான கேள்வி. ஷூ கம்பெனியில் தைக்கிற ஒரு பெண்ணின் ஒரு நாள் கூலியை ஒரு நடைக்கு வாங்கினால், அந்தப் பாதை சென்னைக்காரருக்கும் பெங்களூர்க்காரருக்கும்தான். அதனால் கட்டணமே கூடாது என்று ஆகாது. உள்ளூர் ரேஷன் கார்டு இருந்தால் பத்து ரூபாய், வெளியூர்க் காருக்கு நூறு ரூபாய் என்று வைத்தால் என்ன கெட்டுப்போகும்? வாங்குகிற காசு எங்கே போகிறது என்று பாதையின் வாசலிலேயே ஒரு பலகையில் எழுதி வைத்தால் இன்னும் நல்லது. ஒரு வருட வரவு செலவுக்கு ஒரே ஒரு பலகை போதும், பி.காம் முதல் வருடத்துப் பையன்கூட எழுதிக் கொடுப்பான்.

கண்டிகோட்டாவுக்கு இப்போது பணம் வருகிறது. 2024இல் மத்திய அரசு சுமார் 78 கோடி ரூபாய் ஒதுக்கியது. கட்டடம் வரும், விளக்கு வரும், நுழைவு வளைவு நிச்சயமாக வரும் (வளைவு இல்லாத அரசுத் திட்டம் உண்டா?). முதலில் வர வேண்டியது பாதை. கோட்டையிலிருந்து ஆறு வரை அடையாளம் இட்ட ஒரு வழி, நடுவில் நிழல், தண்ணீர், ஊர்ப் பிள்ளைகள் வழிகாட்டியாக. சொல்வதற்கு அவர்களிடம் கதையும் இருக்கிறது. பள்ளத்தாக்கில் தேங்கி நிற்கிற தண்ணீரைப் பார்த்து "ஆஹா" என்கிறவர்களுக்கு, கீழே மைலவரம் அணை, மேலே கண்டிகோட்டா நீர்த்தேக்கம், அதற்கு ஸ்ரீசைலத்திலிருந்து கிருஷ்ணா தண்ணீர், அது நிரம்புவதற்காக 2020இல் தாள்ளப்ரொத்துட்டூர் மாதிரி ஊர்கள் வீட்டைக் காலி செய்த கதை, இதையெல்லாம் போட்டோ சொல்லாது. கூட நடக்கிற ஆள்தான் சொல்லுவார்.

போகிறவர்கள் நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போவது நல்லது. ஏப்ரல், மே மாதத்தில் அந்தப் பாறை தோசைக்கல். ரயில் என்றால் காட்பாடியிலிருந்து ரேணிகுண்டா, அங்கிருந்து கடப்பா, அப்புறம் ஜம்மலமடுகுக்கு பஸ். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், ஒரு தொப்பி, குப்பைக்கு ஒரு பை. ரப்பர் செருப்பு வேண்டாம், குவார்ட்சைட் வழுக்கும். ஷூவுக்கு ஆம்பூர்க்காரர்கள் வேறெங்கும் அலைய வேண்டியதில்லை, பஜாரில் எக்ஸ்போர்ட் மிச்சம் கேட்டாலே போதும்.