கடல் கடக்கும் முன்: முதன்முறைக் கப்பற் பிரயாணிகளுக்குச் சில வார்த்தைகள்

கப்பற் பிரயாணம் என்றதும் மாளிகை போன்ற பெருங் கப்பல்களே பலருடைய நினைவில் எழும். அத்தகைய உல்லாசக் கப்பல்கள் நமது கரைகளுக்கும் வராமலில்லை. 2023 ஜூன் மாதத்தில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘எம்பிரஸ்’ என்னும் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களைத் தொட்டுச் சென்றது. ஆயினும் ருவான்வெல்லைப் பகுதித் தோட்டங்களில் வாழும் நம்மவர் கப்பலைப் பற்றி விசாரிப்பார்களானால், அது பெரும்பாலும் காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே செல்லும் சிறிய பிரயாணிக் கப்பலைப் பற்றியதாகவே இருக்கும். உறவினர் முகம் காண்பதற்கென்றே அவர்கள் கடல் கடக்க விரும்புகின்றனர். குருகொட ஓயாவையும் களனி கங்கையையும் அன்றி வேறு பெருநீரைக் கண்டறியாத குடும்பங்களும் அவர்களுள் உண்டு. அவர்களை மனத்திற்கொண்டே இவ்வாரம் எழுதுகிறோம்.

இக்கப்பற் போக்குவரத்து 2023 ஒக்டோபர் 14 ஆம் திகதி ‘செரியபாணி’ என்னும் கப்பலுடன் ஆரம்பமாயிற்று. பருவமழையினால் சில நாட்களிலேயே அது நின்றது. 2024 ஆகஸ்ட் 16 இல் ‘சிவகங்கை’ என்னும் கப்பல் அதே வழியில் ஓடத் தொடங்கியது. ஏறக்குறைய 150 பேர் அமரக்கூடியது அது. இரு துறைகளுக்கும் இடைப்பட்ட தூரம் சுமார் 110 கிலோமீற்றர். கடல் அமைதியாயிருப்பின் நான்கு மணி நேரத்துப் பிரயாணம். ஒரு பகற் பொழுதுக்குள் முடிந்துவிடும் இச்சிறு பயணத்துக்கு இத்தனை ஆயத்தம் வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டும். ஏன் என்பதற்குச் சிறிது பழங்கதை சொல்லியாக வேண்டும்.

1914 ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடலாயிற்று. திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் ஆகிய பகுதிகளிலிருந்து தோட்டத்துக்கு ஆள் கட்டி வந்த கங்காணிமாரும், அவர்களுடன் வந்தோரும், மண்டபம் முகாமில் நோய்த் தடைக்காகத் தங்கவைக்கப்பட்டு, அவ்வழியே இக்கரை சேர்ந்தனர். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுடைய பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும், 3,00,000 பேர் இலங்கைக்கும் எனக் கணக்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரையும் 1974 ஆம் ஆண்டின் ஒப்பந்தம் சரிபாதியாகப் பிரித்தது. அண்ணன் அக்கரை செல்ல, தம்பி இங்கு தங்கினான். தாய் இங்கிருக்க, மகள் நீலகிரிக்குக் குடிபெயர்ந்தாள். 1964 டிசம்பர் 22 ஆம் திகதி இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன்பின் கப்பல் இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடியது. 1980 களில் போர் மூண்டதால் அவ்வழியும் அடைபட்டது. 2011 ஜூன் மாதம் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே தொடங்கிய ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ கப்பலும் அவ்வாண்டு முடியுமுன்பே நின்றது.

அன்று கடல் கடந்தோரின் கையில் இருந்தது ஒருவழிச் சீட்டு. இன்று போகிறவர்களின் கையில் இருவழிச் சீட்டு இருக்கிறது. நாம் சொல்லப் போகும் யோசனைகள் யாவும் இந்த ஒரு வேறுபாட்டை மனத்திற்கொண்டு சொல்பவையே. போவதைப் போலவே திரும்புவதும் செம்மையாக நடந்தேற வேண்டும்.

பத்திரங்கள்

முதலாவது, கடவுச்சீட்டு. கைக்குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டு வேண்டும். அதற்குப் பிறப்புச் சான்றிதழும், வயது வந்தோர்க்குத் தேசிய அடையாள அட்டையும் அவசியம். தோட்டங்களில் நாம் அடிக்கடி காணும் சங்கடம் இங்கேதான் தலைதூக்குகிறது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும், பாடசாலைப் பதிவில் மற்றொரு பெயரும், அடையாள அட்டையில் இன்னொரு பெயருமாக இருப்பவர் பலர். தந்தையின் பெயர் ஓரிடத்தில் முன்னும், ஓரிடத்தில் பின்னும் நிற்கும். ‘மாரிமுத்து’ என்பது எழுதிய லிகிதரின் கைவண்ணத்தால் வேறு எதுவாகவோ மாறியிருக்கும். பிரயாணத்துக்கு நாள் குறித்தபின் இவற்றைத் திருத்த ஓடுவது வீண் அலைச்சல். பல மாதங்களுக்கு முன்பே எல்லாப் பத்திரங்களையும் ஒரு பாயில் பரப்பி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருப்பின் ருவான்வெல்லைப் பிரதேச செயலகத்தில் பிறப்புப் பதிவுக்குரிய உத்தியோகத்தரை அணுகித் திருத்திக்கொண்டு, அதன்பின்பே கடவுச்சீட்டுக்கு விண்ணப்பியுங்கள். இவ்வேலை பாடசாலையில் உயர்வகுப்புப் படிக்கும் பிள்ளைகளுக்கு மிகவும் ஏற்றது. எழுத்தறியாத பாட்டியின் பத்திரத்தைச் சீர்செய்து கொடுப்பதைவிடப் படிப்பினால் ஆகும் நற்பயன் வேறென்ன?

பத்திரம் என்பது வெறுங் காகிதமன்று என்பதை நம்மவரைப்போல் அறிந்தவர் எவருமில்லர். 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வந்த பின்பே, நாடற்றவராய் எஞ்சியிருந்த இந்திய வம்சாவழியினர் இந்நாட்டுப் பிரஜைகளாயினர். பாட்டனாருக்கு வாய்க்காத கடவுச்சீட்டு பேரனுக்கு வாய்த்திருக்கிறது. ஆகவே அதை அரிசிப் பானைக்குள்ளும் தலையணைக்கடியிலும் திணித்துவைக்காமல், ஈரமும் கறையானும் அணுகாத இடத்தில் பேணுங்கள்.

இரண்டாவது, இந்திய விசா. கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதத்துக்கேனும் செல்லுபடியாக வேண்டும். விசா பெறும்பொழுதே, அது நாகப்பட்டினம் துறைமுகத்தின் வழியாக நுழைவதற்கும் செல்லுமா என்று தெளிவாகக் கேட்டறியுங்கள். விமான நிலையத்தில் ஏற்கப்படும் விசா எல்லாத் துறைமுகங்களிலும் ஏற்கப்படும் என்று நாமே முடிவு செய்துகொள்ளலாகாது. எல்லாப் பத்திரங்களுக்கும் இரண்டிரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றை வீட்டிலும் மற்றதை வேறு பையிலும் வையுங்கள்.

காலம்

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்றினால் பாக்கு நீரிணை கொந்தளிக்கும். அப்பொழுது கப்பல் நிறுத்தப்படுவது வழக்கம். மாசி முதல் சித்திரை வரை கடல் பெரும்பாலும் சாந்தமாயிருக்கும். நமது பக்கத்தில் இறப்பர் மரங்கள் இலையுதிர்த்துத் தளிர் விடும் காலமும், பால்வெட்டு மந்தமாகும் காலமும் ஏறக்குறைய அதுவே. சித்திரையில் பிள்ளைகளுக்கும் விடுமுறை. ஆகவே பெயரிழப்புக் குறைவாகக் குடும்பத்தோடு சென்றுவர அது உசிதமான காலம். எனினும் கப்பல் ஓடும் நாட்களும், கட்டணமும், இலவசமாகக் கொண்டுபோகக்கூடிய பொதியின் எடையும் இதுவரை பலமுறை மாறியுள்ளன. கப்பல் நிறுவனத்தாரிடம் நேரில் விசாரித்து அறிந்ததையே நம்புங்கள். அயல் லயத்தார் சென்ற ஆண்டு சொன்னதை நம்பிப் பெட்டி கட்ட வேண்டாம்.

ருவான்வெல்லையிலிருந்து காங்கேசன்துறை ஒரு நாள் வழி. கேகாலை சென்று, பொல்கஹவெல சந்தியில் வடக்கு நோக்கிச் செல்லும் புகையிரதத்தைப் பிடிக்கலாம். கொழும்பு சென்று ஏறுவோரும் உண்டு. எவ்வழியாயினும் கப்பல் புறப்படுவதற்கு முந்திய இரவே யாழ்ப்பாணம் சேர்ந்துவிடுவது நலம். மழையோ மண்சரிவோ பாதையை மறித்தால், கப்பல் உங்களுக்காகக் காத்திராது. கப்பல் பெரும்பாலும் பிற்பகலிற் புறப்பட்டு மாலையில் அக்கரை சேர்ந்து வந்திருப்பதால், முதலிரவு தங்குமிடத்தையும் இங்கிருந்தே நிச்சயித்துக்கொள்ளுங்கள்.

மூட்டை முடிச்சு

பொதி எவ்வளவு சிறிதோ, பிரயாணம் அவ்வளவு சுகம். உறவினருக்குத் தேயிலைப் பொட்டலம் கொண்டுசெல்லலாம். கன்று, விதை, கிழங்கு, மண் ஆகியவற்றைக் கொண்டுசெல்ல எண்ணவேண்டாம். தாவர நோய் பரவாதிருக்க இரு நாடுகளும் அவற்றைத் தடுக்கின்றன. ஆசையாய் எடுத்த கறிவேப்பிலைக் கன்று சுங்க மேசையிற் பறிபோவதைக் காண்பது மனத்துக்கு வருத்தம். நகைகளை அளவோடு அணியுங்கள். தினமும் உட்கொள்ளும் குளிசைகளை வைத்தியரின் துண்டுடன் கைப்பையில் வையுங்கள். “இதை அங்கே ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்” என்று முன்பின் அறியாதவர் நீட்டும் பொதியை எக்காரணங்கொண்டும் வாங்காதீர்கள். உள்ளே இருப்பது எதுவாயினும், அதற்குச் சட்டத்தின் முன் பொறுப்பாளி அதைச் சுமந்தவரே.

தலைசுற்றலும் வாந்தியும்

கடற்பிணி கண்டு அஞ்சவேண்டியதில்லை. ஆட்டத்தை உட்காது உணர்கிறது. அறைக்குள் பார்க்கும் கண்ணோ எல்லாம் அசையாமலிருப்பதாகச் சொல்கிறது. இவ்விரண்டின் முரண்பாட்டால் மூளை தடுமாறுவதே இப்பிணி. கொழுந்து மலையில் வளைந்து வளைந்து ஏறும் பஸ் வண்டியில் மயங்குவோருக்கு இது புதிதன்று. பாக்கு நீரிணை ஆழங்குறைந்தது. காற்றடித்தால் அங்கே அலைகள் குறுகி நெருக்கமாய் எழும். ஆகவே கூடுமாயின் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆசனம் பெறுங்கள். அடிவானத்தை நோக்கியிருங்கள், புத்தகமும் கைத்தொலைபேசியும் பார்க்கவேண்டாம். வெறும் வயிறும் ஆகாது, நெய்ச்சோறும் ஆகாது. இரண்டு இட்டலியோ சில பிஸ்கோத்தோ போதும். இஞ்சித் துண்டு சிலருக்கு இதமளிக்கும். வாந்தித் தடைக் குளிசையை ஏறுமுன்பே உட்கொண்டால்தான் பயன். வாந்தி தொடங்கியபின் விழுங்குவதால் அதிகம் ஆவதில்லை. அது உறக்கந்தரும் மருந்தாகையால், கர்ப்பிணிகளும், கண் அழுத்த நோயாளரும், முதியோரும், பிள்ளைகளுக்குக் கொடுப்போரும் முன்னதாக வைத்தியரைக் கேட்கவேண்டும்.

கப்பலில் ஏறியதும் முதலில் அறியவேண்டியது மிதவை அங்கி இருக்குமிடம். அதை அணியும் விதத்தைச் சிப்பந்திகள் காட்டும்பொழுது, பேச்சை நிறுத்திக் கவனியுங்கள். வழுக்காத பாதணி அணியுங்கள். பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

அக்கரையில்

கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை. இரு நாட்டுக்கும் நேரம் ஒன்றே. ஆனால் இங்குள்ள கைத்தொலைபேசி இலக்கம் அங்கே இயங்காமற் போகலாம். முக்கியமான இலக்கங்களைக் கடுதாசியில் எழுதி மடியில் வையுங்கள். அனுமதி பெற்ற நிலையத்திலேயே பணம் மாற்றி, ரசீதையும் பெற்றுக்கொள்ளுங்கள். நாகப்பட்டினத்திலிருந்து திருவாரூர், தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு இரயில் வழி உண்டு. நாகூர் தர்காவும், வேளாங்கண்ணி மாதா கோவிலும், சிக்கல் முருகன் கோவிலும் அண்மையிலேயே உள்ளன. வழிபாட்டை முடித்துக்கொண்டு உறவைத் தேடிச் செல்லலாம்.

உறவைத் தேடுவதற்கென்று இறுதியாக ஒரு யோசனை. கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும் நாளிலேயே ஒரு கொப்பியை எடுத்து, வீட்டிலுள்ள மூத்தோர் அருகில் அமருங்கள். அக்கரை சென்றவர்களின் முழுப்பெயர், தகப்பனார் பெயர், பட்டப்பெயர், அவர்கள் விட்டுச்சென்ற தோட்டமும் டிவிசனும், சென்ற ஆண்டு, கடைசிக் கடிதத்தில் இருந்த விலாசம் ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள். சென்றவர்களுட் பலர் கூடலூர், கோத்தகிரி முதலிய இடங்களில் அரசாங்கத் தேயிலைத் தோட்டங்களிற் குடியேறினர். சிலர் பாட்டனார் ஊருக்கே சென்றனர். ‘திருச்சிப் பக்கம்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டு இறங்கினால், திருச்சி மிகப் பெரிது. பழைய நிழற்படம் இருப்பின் அதன் பிரதியையும் எடுத்துச் செல்லுங்கள். பெயர் மாறியிருக்கலாம், விலாசமும் மாறியிருக்கலாம். ஆயினும் ஊரிலுள்ள முதியவர் ஒருவர் அம்முகத்தை அடையாளங் காணக்கூடும்.

கடவுச்சீட்டை அடுத்த ஆண்டும் பெறலாம். கப்பல் நின்றாலும் மறுபடி ஓடக்கூடும். 1964 இல் இளைஞராயிருந்தவர்களோ இன்று எண்பதைக் கடந்தவர்கள். கொப்பியில் எழுதவேண்டியதை அவர்கள் சொல்லக்கூடிய காலத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். இவ்வார விடுமுறையிலேயே தொடங்குவது சிலாக்கியம்.