பொன்னுத்தம்பியின் சப்பாத்து

இந்த வாரமும் எரிச்சலோடுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். காரணம், புதுச்சேரி நேரு வீதியில் ஒரு துணிக்கடையின் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த காகிதம். 'ஆட்கள் தேவை. சேல்ஸ்: பெண்கள், 25 வயதுக்குள், திருமணமாகாதவர். சூப்பர்வைசர்: ஆண்கள் மட்டும்.' கீழே ஒரு கைபேசி எண். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. அந்த மட்டில் பாராட்டலாம்.

சும்மா வர முடியுமா? கல்லாவில் இருந்தவரிடம் கேட்டேன்.

"ஏங்க, சூப்பர்வைசர் வேலைக்குப் பெண்கள் வரக்கூடாதா?"

"ராத்திரி பத்து மணி வரைக்கும் கடை இருக்கும் சார். லேடீஸுக்குப் பாதுகாப்பு வேணுமில்ல?"

"அப்ப சேல்ஸ்ல இருக்கிற பொண்ணுங்க சீக்கிரம் போயிடுவாங்களா?"

"அவங்க எப்படி சார் போவாங்க? கடை சாத்துற வரைக்கும் இருக்கணும்."

அவர் முகத்தில் கள்ளமே இல்லை. ஒரே இரவு, ஒரே கடை, ஒரே பத்து மணி. சம்பளம் குறைந்தவர்களுக்கு இல்லாத ஆபத்து, சம்பளம் கூடும்போது மட்டும் எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

சட்டம் இதற்கு என்ன சொல்கிறது என்று பார்த்தேன். 2025 நவம்பர் 21 முதல் நாடு முழுக்க நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அவற்றில் ஊதியத் தொகுப்பின் மூன்றாம் பிரிவு, ஒரே மாதிரியான வேலைக்கு ஆள் எடுப்பதிலும் கூலி கொடுப்பதிலும் பாலின வேறுபாடு காட்டக் கூடாது என்கிறது. இதுவும் புதுச் சரக்கல்ல. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தில் இருந்ததுதான் இங்கே இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. ஆக, அந்தக் காகிதம் ஏறக்குறைய ஐம்பது வருடமாகச் சட்டத்துக்கு எதிரானது.

'திருமணமாகாதவர்' என்ற நிபந்தனைக்கு வரலாறு இன்னும் நீளம். 1981இல் ஏர் இந்தியா பணிப்பெண்கள் வழக்கில், முதல் பிரசவத்தோடு வேலையை விட்டு அனுப்பும் விதியை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் வேலையில் சேர்ந்து நான்கு வருடத்துக்குள் கல்யாணம் கூடாது என்ற விதியை அதே தீர்ப்பில் ஏற்றுக்கொண்டது. 1988இல் திருமணம் செய்துகொண்டதற்காக வேலையிழந்த ஒரு ராணுவச் செவிலியர் அதிகாரிக்கு, 60 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது 2024 பிப்ரவரியில். அதே ஆண்டு ஜூனில், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலையில் மணமான பெண்களைத் தவிர்க்கிறார்கள் என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. நிறுவனம் மறுத்தது. மத்தியத் தொழிலாளர் துறை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சுட்டிக்காட்டித் தமிழ்நாட்டிடம் அறிக்கை கேட்டது. நம் நேரு வீதிக் கடைக்காரர் தனியாள் இல்லை. நல்ல கூட்டத்தில்தான் இருக்கிறார்.

நம் அரசாங்கம் மட்டும் என்னவாம்? 2023இல் அரசுப் பெண் ஊழியர்களுக்கு மாதத்தில் மூன்று வெள்ளிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் அனுமதி அறிவித்தார்கள், வீட்டில் பூஜை செய்ய. அப்போதே இந்தப் பத்தியில் முனகினேன். 'பெண்களுக்குக் கிடைத்ததையும் கெடுக்காதே' என்று வாசகிகள் இருவர் கடிதத்தில் திட்டினார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. கிடைக்கிற இரண்டு மணி நேரத்தை விட எவருக்கும் மனம் வராது. ஆனால் எனக்குத் தெரிந்த ஓர் அலுவலக அம்மாள் சொன்னதையும் எழுத வேண்டும்: "வாசல் கழுவி, தலைக்குக் குளிச்சு, விளக்கேத்தி, சமையலையும் முடிச்சிட்டு ஓடி வர்றேன். சீட்ல ஃபைல் அப்படியே இருக்கு. வீட்டுக்காரர் அந்த ரெண்டு மணி நேரமும் பேப்பர் படிக்கிறார்." விளக்கேற்றுவது யார் வேலை என்பதை அரசாணையே முடிவுகட்டிவிட்டது. சலுகை என்று பேர். மாறவேண்டிய எதுவும் மாறவில்லை, வீட்டிலும் சரி, அலுவலகத்திலும் சரி.

புதுத் தொகுப்புகளை வரிசையாக அலசுவதாகத்தான் போன வாரம் வாக்குக் கொடுத்திருந்தேன். மன்னிக்கவும், ஆனந்தரங்கப் பிள்ளை குறுக்கே வந்துவிட்டார். "மறுபடியும் நாட்குறிப்பா?" என்று பெருமூச்சு விடுபவர்கள் கடைசிப் பத்திக்குப் போய்விடலாம். 1736 முதல் 1761 வரை ஒரு மனிதர் இந்த ஊரின் விலைவாசி, விருந்து, கப்பல், வதந்தி எல்லாவற்றையும் எழுதிவைத்திருக்கும்போது, நான் வேறு எந்தப் புத்தகத்தைத் தேடிப் போவேன்?

பிள்ளையின் குடும்பக் கதையே ஒரு வேலைப் பாகுபாட்டு வழக்கு. அவருடைய தகப்பனாரின் மைத்துனர் நைனியப்பப் பிள்ளை பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகர். வியாபாரத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவரிடம் இருந்த ஒரே குறை, அவர் கிறிஸ்தவர் இல்லை. சேசு சபைப் பாதிரிமார்கள் விடாமல் முறையிட்டதில், 1714இல் பிரான்சிலிருந்து உத்தரவே வந்தது: ஆறு மாதத்துக்குள் மதம் மாற வேண்டும், இல்லாவிட்டால் வேலை போகும். அவர் மாறவில்லை. 1716இல் கவர்னர் எபேர் அவரைச் சிறையில் அடைத்தார். கசையடி, சொத்துப் பறிமுதல், மூன்று வருடச் சிறை. மறு வருடமே சிறையில் செத்துப்போனார்.

அவர் மகன் குருவப்பர் கப்பலேறிப் பாரிசுக்கே போனார். அப்பா மேல் சுமத்தியது பொய் என்று நிரூபித்தார். அங்கேயே ஞானஸ்நானம் வாங்கினார். ஞானத்தந்தை யார் தெரியுமா? பிரான்சை அப்போது ஆண்ட ரீஜண்ட், ஓர்லியோன் கோமகன். திரும்பி வந்தவருக்கு அப்பா உட்கார்ந்த வேலை கிடைத்தது. மகன் மாறினார், வேலை வந்தது; அப்பா மாறவில்லை, உயிர் போனது. குருவப்பரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த வேலைக்கும் ஞானஸ்நானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பாரிசில் ஒருவரும் கேட்கவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

1746 பிப்ரவரியில் அன்றைய தலைமைத் துபாஷ் (அதே தரகர் பதவிதான்) கனகராய முதலி இறந்தபோது அதே பேச்சு மறுபடி கிளம்பியது. அடுத்தவரும் கிறிஸ்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு தரப்பு முண்டியது. பிள்ளை காத்திருந்து, மதம் மாறாமலே அந்த இடத்துக்கு வந்தார். இவ்வளவு அடிபட்ட குடும்பத்து ஆள் பிறத்தியார் வலியையும் அறிந்திருப்பார் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். 1745இல் மாதா கோயிலுக்குள் பறையரையும் சாதிக் கிறிஸ்தவரையும் பிரித்து நின்ற சுவரை எதிர்த்துப் பறையர்கள் முறையிட்டதையும், சுவர் இடிபட்டதையும், அதற்குச் சாதிக்காரர்கள் குதித்ததையும் பிள்ளை எழுதியிருக்கிறார். அவர் பேனா முறையிட்டவர்கள் பக்கம் சாயவில்லை. தனக்கு நடந்தால் அநியாயம், அடுத்தவனுக்கு நடந்தால் வழக்கம். இது இன்றைக்கும் எல்லா ஆபீஸ் கேன்டீனிலும் நடக்கிற உரையாடல்தான்.

இந்த வழக்கத்தை ஒருவர் நேருக்கு நேர் நின்று கேட்டார் என்றால், அது பொன்னுத்தம்பி. 1873இல் புதுச்சேரி நீதிமன்றத்துக்கு அந்த வழக்கறிஞர் நம்மூர் உடுப்பிலேயே வந்தார், காலில் மட்டும் ஐரோப்பியச் சப்பாத்து. வெள்ளைக்காரர் உடுப்பு போட்டவன் சப்பாத்தோடு நுழையலாம். நம் உடுப்பு என்றால் காலணியை வெளியே கழற்றிவிட்டு வரவேண்டும். அதற்கு மரியாதை என்று பேர். பொன்னுத்தம்பி கழற்றவில்லை. அவமதிப்பு என்றது நீதிமன்றம். அவர் வழக்கைப் பாரிஸ் வரை கொண்டுபோனார். ழூல் கொதேன் என்ற வக்கீல் அங்கே வாதாடினார். உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் பொன்னுத்தம்பியின் பக்கம் நின்றது. அந்தக் கொதேனையே 1876இல் பிரெஞ்சிந்தியாவின் பிரதிநிதியாகப் பாரிஸ் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்த வழக்கின் நுட்பத்தைப் பாருங்கள். வேலைக்கே வராதே என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. வா, வாதாடு, கட்டணம் வாங்கிக்கொள். காலணியை மட்டும் கழற்றிவிட்டு வா. தகுதியைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒழுங்கு, மரியாதை, இடத்துக்குத் தக்க நடத்தை என்று இனிமையாகத்தான் பேசுவார்கள். நேரு வீதிக் கடைக்காரர் 'பாதுகாப்பு' என்றாரே, அந்தக் குரல்.

வென்ற கையோடு பொன்னுத்தம்பி நின்றிருந்தால் கதை இனிப்பாக முடிந்திருக்கும். 1881 செப்டம்பர் 21இல் ஓர் ஆணை வந்தது. தன் சாதி, மதம் சார்ந்த தனிச் சட்டத்தை விட்டுவிடுகிறேன் என்று எழுதிக்கொடுப்பவர் பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின் கீழ் வரலாம்; கூடவே ஒரு குடும்பப் பெயரும் எடுத்துக்கொள்ள வேண்டும். சாதியின் பிடி விடும், வெள்ளையரோடு சரிசமம் கிடைக்கும் என்று நம்பி ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். அதில் முன்னால் நின்றவர் பொன்னுத்தம்பி. அன்றிலிருந்து அவர் லபோர்த். நம்மூரில் பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்கும் சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) குடும்பங்களில் இப்படிப்பட்ட பெயர்கள் நிறைய இருப்பதன் மூலம் இங்கேதான்.

பெயரை மாற்றியாகிவிட்டது, சட்டத்தை மாற்றியாகிவிட்டது. சமம் வந்ததா? 1884இல் வாக்காளர் பட்டியலை மூன்றாகப் பிரித்தார்கள்: ஐரோப்பியர் ஒன்று, பழைய சட்டத்திலேயே நின்ற இந்தியர் ஒன்று, எழுதிக்கொடுத்து மாறியவர்களுக்குத் தனியாக ஒன்று. இவ்வளவு மாறியும் வரிசை மட்டும் வேறு.

லபோர்த் வீதி இன்றும் ஊருக்கு நடுவில் இருக்கிறது. கடற்கரையில் பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளே சிலையைக் காட்டிச் சுற்றுலாக்காரர்களுக்கு நீட்டி முழக்கும் வழிகாட்டிகளிடம் பொன்னுத்தம்பி பற்றி ஒரு வரி சொல்லச் சொல்லி நான் மன்றாடுவதும், அவர்கள் என்னை மேலும் கீழும் பார்ப்பதும் உங்களுக்குப் பழகிய கதை. மஞ்சள் சுவர், மரச் சன்னல், க்ருவாசான். இவ்வளவுதான் பிரெஞ்சு மரபு என்றாகிவிட்டது. இந்த ஊரில் ஒரு நீதிமன்றத்தின் மரியாதையை எதிர்த்து ஒருவர் கடல் தாண்டி வழக்காடி வென்றாரே, அது எந்த மரபில் சேர்த்தி?

பெயர் விஷயம் பழங்கதை என்று தள்ளவும் முடியாது. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் 2007இல் வெளியிட்ட ஆய்வு நினைவுக்கு வருகிறது. தனியார் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களுக்கு, சமமான படிப்பு காட்டி, பெயரை மட்டும் மாற்றி விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு நேர்காணல் அழைப்பு வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்குதான். முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. பொன்னுத்தம்பியின் சப்பாத்தாவது கண்ணுக்குத் தெரிந்தது. இங்கே உறையைப் பிரித்தவர் பெயரைப் படித்ததோடு காரியம் முடிந்தது. மறுக்கப்பட்டவருக்கு மறுக்கப்பட்டதே தெரியாது. பாரிஸ் வரை எதைக் கொண்டுபோவது?

சட்டத் தொகுப்பில் எனக்கிருக்கும் பெரிய மனக்குறையும் அதுதான். ஊதியத் தொகுப்பு பாலினத்தோடு நின்றுவிட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கு 2016இலும், எச்ஐவி உள்ளவர்களுக்கு 2017இலும், திருநர்களுக்கு 2019இலும் தனித்தனிச் சட்டங்கள் வந்து தனியார் நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகின்றன. அரசு வேலை என்றால் அரசியல் சாசனத்தின் 16ஆம் கூறு இருக்கிறது. தனியார் கம்பெனியில் சாதிக்காக ஒதுக்கப்பட்டவர் 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்துக்குப் போய், நடந்தது தீண்டாமை என்று குற்றவியல் வழக்கில் நிறுவ வேண்டும். மதத்துக்காகவோ பெயருக்காகவோ தள்ளப்பட்டவருக்கு அந்தக் கதவும் இல்லை. ஆள் எடுப்பதில் எல்லாப் பாகுபாட்டையும் தடுக்கும் பொதுச் சட்டம் ஒன்று இந்தியாவில் இன்னும் இல்லை. 29 பழைய சட்டங்களை நான்காகச் சுருக்கக் கை வந்தவர்களுக்கு ஐந்தாவதாக இதை எழுதக் கை வரவில்லை.

எனக்குப் பிடித்தவர் 1873ஆம் ஆண்டுப் பொன்னுத்தம்பி. 1881ஆம் ஆண்டு லபோர்த்தையும் மதிக்கிறேன். அந்த ஊரில், அந்தக் காலத்தில் நானாக இருந்தாலும் கையெழுத்திட்டிருப்பேன். ஆனால் முதலாமவர் நீதிமன்றத்தை மாறச் சொன்னார். இரண்டாமவரையோ சட்டம்தான் மாறச் சொன்னது. வேலைக்கு வருகிறவரின் மதம், பெயர், உடுப்பு, கல்யாணம், வெள்ளிக்கிழமை என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தாகிவிட்டது. இனி ஆபீஸ் கொஞ்சம் மாறிப் பார்க்கட்டும்.