பக்கோடாவின் வாயில் ஒரு காலிஃப்ளவர் தோட்டம்

பி.காம். மூன்றாம் வருஷம் படிக்கிறவன் நாய் வைத்தியம் எழுத வந்துவிட்டானே என்று சிரிக்காதீர்கள். காஸ்ட் அக்கவுண்டிங் இன்டர்னல் இருக்கிற வாரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால் மேட்டர் எவ்வளவு சீரியஸ் என்று புரிந்துகொள்ளுங்கள்.

எங்கள் வீட்டு நாய்க்குட்டியின் பெயர் பக்கோடா. மழையில் நனைந்தபடி டீக்கடை வாசலில் கிடைத்தவன், பெயர்க்காரணமும் அதுவே. ஏழு மாசம் ஆனபோது ஒருநாள் பெரிசாகக் கொட்டாவி விட்டான். கீழுதட்டின் உள்பக்கம் வெள்ளையும் ரோஸுமாக நாலைந்து குருணைகள். பத்து நாளில் அவை குட்டிக் குட்டிக் காலிஃப்ளவர் ஆகிவிட்டன. நாக்கில்கூட ஒன்று.

அன்று ராத்திரியே வீட்டில் மாநாடு. "பாலுண்ணிதாம்ல, அம்மான் பச்சரிசிப் பாலைத் தொட்டு வை, உதிர்ந்துரும்" என்றார் ஆச்சி. (உண்ணி என்றதும் தம்பி வேறு பக்கோடாவின் காதுக்குள் தேட ஆரம்பித்துவிட்டான்.) மாமா சுண்ணாம்பு என்றார். சித்தப்பா மெடிக்கலில் விற்கும் மரு கரைக்கிற மருந்து என்றார். எதிர்வீட்டு அக்கா பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று கதவைச் சாத்தினார். அப்பா மட்டும் நிதானமாக, "பேசாம மார்க்கெட் பக்கம் கொண்டுபோய் விட்டுட்டு வந்துரு" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் அரசு கால்நடை மருத்துவமனை. டாக்டர் வாயைத் திறந்து நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: இது வைரஸால் வரும் மரு, பாப்பிலோமா. பெரும்பாலும் இரண்டு வயசுக்குள் இருக்கும் நாய்களுக்குத்தான் வரும். மரு உள்ள நாயோடு விளையாடினாலோ ஒரே தட்டில் தின்றாலோ தொற்றும், ஒன்று இரண்டு மாசம் கழித்துத்தான் வெளியே தெரியும். உடம்பு வைரஸை அடையாளம் கண்டுகொண்டதும் தானாக உதிர்ந்துவிடும், அதற்கு ஒன்றிலிருந்து ஐந்து மாசம் ஆகலாம். மனுஷனுக்கும் பூனைக்கும் ஒட்டாது. மற்ற குட்டிகளிடம் மட்டும் விடாதே, தட்டைத் தனியாக வை.

மருந்துச் சீட்டு? கிடையாது. அப்பாவுக்கு இது பெரிய ஏமாற்றம்.

என் கட்சி இதுதான். இந்த மருவைவிட அதன் மேல் நாம் தடவுவதுதான் குட்டியை அதிகம் வதைக்கும். மெடிக்கல் மருந்தில் இருப்பது சாலிசிலிக் அமிலம், தடித்த தோலுக்கானது. ஈரமான உதட்டில் வைத்தால் வெந்துவிடும், நாயோ அதை நக்கி விழுங்கும். சுண்ணாம்பும் அப்படியே. அம்மான் பச்சரிசிப் பால் எரிச்சல் தரும், கண்ணில் பட்டால் இன்னும் மோசம்.

அப்புறம் ஏன் இதெல்லாம் பலித்ததாக ஊரே சத்தியம் செய்கிறது? எங்கள் பாஷையில் சொல்கிறேன். டிரையல் பேலன்ஸ் இடிக்கும்போது வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டு வைப்போம், காரணம் தெரிந்த பிறகு மாற்றுவோம். தானாகப் போகிற வியாதியில் யாரும் அவ்வளவு பொறுமையாக இருப்பதில்லை. மூன்றாம் மாசம் சுண்ணாம்பு தடவி நான்காம் மாசம் உதிர்ந்தால், வரவு முழுக்க சுண்ணாம்புக் கணக்கில்தான் ஏறும்.

அதற்காக டாக்டரிடமே காட்டாமல் "தானாப் போயிரும்" என்று விட்டுவிடாதீர்கள். நம் ஊர்த் தெருநாய்களிடம் ஒருவகைத் தொற்றுப் புற்றுக்கட்டி உண்டு, டி.வி.டி. என்பார்கள். இனச்சேர்க்கையில் பரவுவது, நக்கி மோப்பம் பிடிப்பதால் வாயிலும் மூக்கிலும்கூட வரும். அதுவும் காலிஃப்ளவர் போலத்தான் இருக்கும், ரத்தம் கசியும். அதற்கு வின்கிரிஸ்டின் ஊசி போட்டால் பெரும்பாலும் குணமாகிவிடும். ஆக, எது எதென்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். சாதாரண மருவே என்றாலும் சாப்பிட முடியாமல் போனால், ரத்தமோ சீழோ வந்தால், மாசக்கணக்கில் குறையாமல் இருந்தால் மறுபடி காட்ட வேண்டும். தேவைப்பட்டால் வெட்டியோ உறைய வைத்தோ எடுப்பார்கள்.

எதிர்வீட்டு அக்காவுக்கு ஒரு தகவல் சொல்ல ஆசை. நாய் வாய் மருவைப் பயமுறுத்தல் என்று நினைக்கிறோம். அந்த வைரஸின் வெளி உறைப் புரதத்தைத் தடுப்பூசியாகப் போட்டால் நாய்களுக்கு மரு வராது என்று 1995ல் ஆய்வில் காட்டினார்கள். அதே வழியில்தான் பெண்களின் கருப்பைவாய்ப் புற்றைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி வந்தது, 2006ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அக்காவின் மகளுக்கு அந்த ஊசி போடும் வயசுதான்.

பக்கோடா விஷயத்துக்கு வருகிறேன். தனித்தட்டு, தினம் வாய் தரிசனம், வாராவாரம் செல்போனில் ஒரு போட்டோ. ஏழாவது வாரம் வரைக்கும் கூடிக்கொண்டேதான் போனது, அப்பா முகத்தையும் பார்க்க முடியவில்லை. ஒன்பதாவது வாரம் நாக்கில் இருந்ததைக் காணோம். பதினொன்றில் வாய் சுத்தம்.

யாரும் எதுவும் தடவவில்லை, அதனால் இந்த முறை வரவு யாருக்கும் இல்லை என்று நினைத்திருந்தேன். நேற்று ஆச்சி அப்பாவிடம் ரகசியமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "செவ்வாய்க்கிழமை தோறும் நாந்தான் அவனுக்கு மிளகாய் சுத்திப் போட்டேன்."