ஒரே படுக்கை, இரண்டு பேர்!

கம்ப்யூட்டருக்குக் கடிவாளம் போட்ட கணித மேதைகள்

மண்ணச்சநல்லூரில் ஒரு அரிசி வியாபாரி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய மகள் அவசரமாகச் சென்னைக்குப் போகவேண்டும். மறுநாள் இரவு ஸ்ரீரங்கத்தில் மலைக்கோட்டை எக்ஸ்பிரசில் ஏறவேண்டும். பகல் மணி 11. "தட்கல்" டிக்கெட்டுக்காக வியாபாரி செல்போனைத் தட்டுகிறார்.

அதே நொடியில் திருச்சி பாலக்கரையில் இன்னொருவரும் தட்டுகிறார். மீதி இருப்பதோ ஒரே ஒரு படுக்கை!

அந்தப் படுக்கையை இருவருக்கும் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? நள்ளிரவில் ரயிலில் சண்டைதான்!

இப்படி நடக்காமல் இருக்க, டிக்கெட் கொடுக்கும் கம்ப்யூட்டரில் பூட்டுகள் இருக்கின்றன. ஆனால் கூட்டம் பெருகிக்கொண்டே போகிறது. நிமிடத்துக்கு 32 ஆயிரம் டிக்கெட் கொடுக்கும் சக்தியை ஒன்றரை லட்சத்துக்கு மேல் உயர்த்தப் போவதாக 2025 ஜூன் மாதத்தில் ரயில்வே அறிவித்தது. அதாவது, நொடிக்கு 2,500 டிக்கெட்!

இத்தனை வேலைகளும் ஒன்றோடு ஒன்று மோதாமல் காப்பது எப்படி? இதற்காகவே ஒரு தனிக் கணிதம் இருக்கிறது.

தவறு எங்கே புகுகிறது?

டிக்கெட் கொடுக்கும்போது கம்ப்யூட்டர் இரண்டு காரியம் செய்கிறது. முதலில், படுக்கை காலியா என்று பார்க்கிறது. பிறகு, பெயரை எழுதுகிறது.

வியாபாரிக்கு இரண்டு காரியம். பாலக்கரைக்காரருக்கு இரண்டு காரியம். இந்த நான்கும் முன்னே பின்னே கலந்து நடக்க 6 வழிகள் உண்டு. ஒருவர் வேலை முழுவதும் முடிந்த பிறகு அடுத்தவர் வேலை தொடங்கினால் தொல்லை இல்லை. அப்படிப்பட்ட வழிகள் இரண்டுதான். மற்ற நான்கிலும், ஒருவர் பெயர் எழுதுவதற்குள் மற்றவரும் பார்த்துவிடுகிறார். இருவர் கண்ணுக்கும் படுக்கை காலி! இருவர் பெயரும் ஏறிவிடும்!

ஆளுக்கு 10 காரியம் என்றால் எத்தனை வழிகள் தெரியுமா? 1,84,756! ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்துச் சரிசெய்வது நடக்கிற காரியமா?

இருளில் 5 கோடிப் பேர்

2003 ஆகஸ்டு 14. அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியும் கனடாவின் ஒண்டாரியோ மாகாணமும் இருளில் மூழ்கின. சுமார் 5 கோடி மக்கள் தவித்தார்கள்.

ஓகியோ மாகாணத்தில் மின்சாரக் கம்பிகள் மரத்தில் உரசி, ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்தன. உடனே எச்சரிக்க வேண்டிய கம்ப்யூட்டரோ ஊமையாகிவிட்டது! காரணம், இரண்டு வேலைகள் ஒரே சமயத்தில் ஒரே ஏட்டில் எழுத முயன்றதுதான். அந்தப் புரோகிராம் அதற்கு முன் மொத்தம் 30 லட்சம் மணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தது. அதுவரை இந்தத் தவறு ஒருமுறைகூடத் தலைகாட்டவில்லை!

இதைவிடக் கொடுமை, "தெராக்-25" என்ற புற்றுநோய் சிகிச்சை யந்திரம். 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் 6 நோயாளிகள் மீது அது அளவுக்கு மீறிக் கதிர்களைப் பாய்ச்சியது. சிலர் உயிரிழந்தார்கள். இயக்குபவர் எழுத்துக்களை வேகமாகத் திருத்தினால், யந்திரத்துக்குள் நடக்கும் வேலைகள் முன்பின்னாகிவிடும். விபரீதத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டு நாள் இடைவெளி

இந்தச் சிக்கலுக்குக் கணக்கு வகுத்தவர்களில் இருவர் முக்கியமானவர்கள். ஒருவர் டோனி ஹோர். 1934 ஜனவரி 11-ந் தேதி இலங்கையில், கொழும்பில் பிறந்தவர். மற்றவர் ராபின் மில்னர். இங்கிலாந்தில் ஜனவரி 13-ந் தேதி பிறந்தார். இருவருக்கும் இரண்டே நாள்தான் வித்தியாசம்!

கூட்டல், கழித்தலுக்கு விதி இருப்பதுபோல், "பேசு", "கேள்", "காத்திரு" என்பதற்கும் விதி வகுக்கலாம் என்று இவர்கள் காட்டினார்கள். ஹோர் 1978-லும், மில்னர் 1980-லும் தங்கள் முறைகளை வெளியிட்டார்கள்.

மூட்டையில் சீட்டு

அடுத்த படி, "வகை" பார்ப்பது. மண்ணச்சநல்லூர் அரிசி மில் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அவித்த நெல், பச்சை நெல் என்று மூட்டைகளில் சீட்டு இருக்கிறது. சீட்டு மாறி வந்த மூட்டையைக் கணக்குப்பிள்ளை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார். அரைத்த பிறகு அழுது பயன் உண்டா?

புரோகிராமிலும் அப்படியே. ஒவ்வொரு பொருளுக்கும் வகைச் சீட்டு உண்டு. சீட்டுப் பொருந்தாவிட்டால் புரோகிராம் ஓடவே ஓடாது!

ஒற்றை ரயில் பாதையில் பயன்பட்ட "பந்து டோக்கன்" உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். பிரம்பு வளையத்தில் தொங்கும் தோல் பையில் உலோகப் பந்து இருக்கும். இரு நிலையங்களுக்கு இடையே ஒரு சமயத்தில் ஒரு பந்துதான் வெளியே வரும். பந்து கையில் இல்லாத டிரைவர் அந்தப் பாதையில் போகக்கூடாது.

2015 மே மாதத்தில் முதல் முழுப் பதிப்பு வெளிவந்த "ரஸ்ட்" என்ற கம்ப்யூட்டர் மொழி இந்த விதியையே பின்பற்றுகிறது. ஒரு பொருளில் எழுதும் உரிமை ஒரு சமயத்தில் ஒருவருக்கே. இருவர் கை வைக்க இடம் இருந்தால், "இது ஆகாது" என்று முன்கூட்டியே சொல்லிவிடும்.

பணம் போச்சு, டிக்கெட் எங்கே?

இன்னொரு கஷ்டம் எல்லோருக்கும் தெரியும். பணம் போய்விடும், டிக்கெட் வராது!

இதற்கும் ஒரு வழி பிறந்தது. 1993-ல் ஜப்பானைச் சேர்ந்த கோஹே ஹோண்டா, பேச்சுவார்த்தைக்கே வகைச் சீட்டு கொடுத்தார். முதலில் விலை, பிறகு பணம், முடிவில் டிக்கெட் அல்லது பணம் வாபஸ். இந்த வரிசையை மீறும் புரோகிராம் தேறாது.

எல்லாத் தொல்லையும் தீர்ந்ததா? இல்லை. மாமியாரிடம் அறைச் சாவி. மருமகளிடம் பெட்டிச் சாவி. "நீ முதலில் கொடு" என்று இருவரும் உட்கார்ந்தால், வேலை நின்றுவிடும். இப்படி நின்றுபோவதை ரஸ்ட் மொழி தடுப்பதில்லை. தகவல் போகும் கம்பி அறுந்தாலும் சீட்டு மட்டும் காப்பாற்றாது.

நம் நாட்டிலும் இந்த ஆராய்ச்சி நடந்திருக்கிறது. சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் இத்துறையை வளர்த்தவர்களில் ஒருவர் பி.எஸ்.தியாகராஜன். 2009-ல் அவரைக் கௌரவித்து ஆராய்ச்சிக் கட்டுரைகள் கொண்ட நூல் ஒன்று வெளியாயிற்று.

ஆஸ்பத்திரி, பாங்கி, ரயில்வே எல்லாம் இன்று கம்ப்யூட்டரை நம்பி நிற்கின்றன. "ஓட்டிப் பார்த்தோம், சரியாக இருந்தது" என்ற பதில் போதாது. 30 லட்சம் மணி நேரம் சரியாக ஓடிய புரோகிராம்தான் அன்று ஊமையாகிவிட்டது! "தவறு நுழையாமல் தடுக்க வாசலில் என்ன காவல் வைத்தீர்கள்?" என்று, வாங்குபவர்கள் கேட்கவேண்டும்.

அரிசி வியாபாரிக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியவேண்டியதில்லை. மகளின் படுக்கையில் வேறு யாரும் படுத்திருக்கக்கூடாது. அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்!